தாடையைத் தூக்காம மேலே பாரு

அன்பு மகனுக்கு உன் சித்தி எழுதிக்கிறது. இங்க நானும் உன் சித்தப்பாவும் கடவுள் கிருபையில ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிற அளவுக்குத் தெம்பாவே இருக்கோம். அங்க நீயும் மருமகளும் குட்டியும் சுகமா இருக்கணும்னு காலையிலயும் சாயங்காலமும் சாமி முன்னாடி நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இந்தத் தடவை நீ சுகமா இருக்கேன்னு உன் வாயால சொன்னா எனக்குப் போதாது ராசா. ஒரு கண் டாக்டர் உன்னைப் பார்த்துட்டுச் சொல்லணும். அதுவரைக்கும் அந்த டேங்கர் லாரியை நீ ஓட்டக் கூடாது. முதல்லயே சொல்லிட்டேன், ஊர்க்கதையெல்லாம் பேசிட்டு விஷயத்தைக் கடைசியில சொன்னேன்னு நீ குறை சொல்லக் கூடாது பாரு.

இதைப் போன்லயே சொல்லலாமேன்னு நினைப்பே. போன ஞாயித்துக்கிழமை சொன்னேனே, நீ என்ன பண்ணே, சிரிச்சே. சித்தி உனக்கு ஒரு தும்மல் வந்தா தெருவுல இருக்கிற அத்தனை பேருக்கும் கைக்குட்டை வாங்கிக் கொடுப்பியேன்னு கேலி பண்ணிட்டு, சிக்னல் சரியில்ல வச்சிடுறேன்னு வச்சுட்டே. கடிதம்னா அப்படி வைக்க முடியாது, வச்சாலும் மேஜை மேல கிடந்து உன்னையே பார்த்துக்கிட்டு இருக்கும். மாடி வீட்டு டீச்சரோட மருமகன் நாளைக்கு வேலை விஷயமா உங்க பக்கம் வர்றாரு, அவர் கையில கொடுத்து அனுப்புறேன், உன் கையில தவிர வேற யார் கையிலயும் கொடுக்கக் கூடாதுன்னு ரெண்டு தரம் சொல்லியிருக்கேன், மனுஷன் பயந்தே போயிட்டாரு. கூடவே என் போட்டோ ஒண்ணும், உன் சித்தப்பா காகிதத்துல சுத்திக் கொடுத்த சின்னப் பொட்டலம் ஒண்ணும் இருக்கும். பொட்டலத்தைக் கடைசியில பிரி. வரி கோணலா போனா மன்னிச்சுக்கோ, ஒரு கண்ணை மூடிக் கட்டிக்கிட்டுத்தான் எழுதுறேன். கட்டியிருக்கிற துணியும் நானே தைச்சதுதான், பள்ளிக்கூட யூனிபார்ம் தைச்சு மிஞ்சின நீலத்துணி. நான் வேலை பார்க்கிற தையல்கடைக்கு வர்ற பொண்ணுங்க அம்மா எந்த ஸ்கூல்னு கேட்டுச் சிரிக்கிறாங்க.

எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு, ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தேன்னு மட்டும்தான் உனக்குத் தெரியும். வண்டி ஓட்டுற பிள்ளை, தலையில பாரத்தை ஏத்த வேண்டாம்னு முழுசா சொல்லல. இப்போ சொல்றேன், சொன்னாத்தான் உனக்கு உறைக்கும். இது கண்ணுல ஆரம்பிக்கல, தாடையில ஆரம்பிச்சுது. ஆமா, தாடையிலதான். போன மழைக்காலத்துக்கு முன்னாடி இருந்தே நான் தாடையைத் தூக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிருக்கேன், எனக்கே தெரியாது. மத்தவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. மாடி வீட்டு டீச்சர் படியில என்னைப் பார்த்துட்டு, நம்ம தையல்காரம்மாவுக்கு இப்போ தலை நிமிர்ந்துடுச்சு, மகன் பெரிய வண்டி ஓட்டுறான் இல்லன்னு ஜாடையா சொன்னாங்க. தையல்கடை முதலாளியம்மா என்னைவிட உயரம், அவங்க எதிர்ல நின்னு அளவு சொல்றப்ப நான் மூக்கு நுனி வழியா அவங்களைப் பார்ப்பேனாம், அவங்களுக்குக் கோபமான கோபம், இந்தக் கடையில யாரு முதலாளின்னு கேட்டே கேட்டுட்டாங்க. போதாக்குறைக்குக் கண்ணும் பெருசா முழிச்சுக்கிட்டே இருக்கும், கோவிச்சுக்கிட்டவ மாதிரி. உன் சித்தப்பா சொல்லவே வேணாம், சாவிக்கடையைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள வர்றப்பவே, மகாராணி சமூகத்துக்கு வணக்கம், உள்ள வரலாமான்னு கேட்பாரு. நான் சண்டை போடுவேன். எனக்கென்ன திமிரு, நான் எப்பவும் போலத்தானே இருக்கேன்னு அழுதிருக்கேன். தைக்கிறப்ப ஒரு தொந்தரவும் கிடையாது தம்பி, அதான் என்னை ஏமாத்திடுச்சு. குனிஞ்சு பார்க்கிற வேலையில கண்ணு சுத்தமா இருந்துச்சு, ஊசியில நூல் ஒரே தடவையில ஏறும், எனக்குக் கண்ணுல குறைன்னு யாராவது சொல்லியிருந்தா அவங்க வாயைத்தான் தைச்சிருப்பேன்.

அந்த நேரத்துலதான் உன் போட்டோ வந்துச்சு. புது டேங்கர் பக்கத்துல, சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கிட்டு, ஒரு கையைக் கதவுல வச்சுக்கிட்டு நின்னே பாரு, அது. தாடையைத் தூக்கி, கண்ணை அகல விரிச்சு, உலகத்தையே வாங்கிட்டவன் மாதிரி. உன் சித்தப்பா அதைப் பெருசா பிரிண்டு போட்டுத் தையல் மெஷினுக்கு மேல மாட்டினாரு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டினேன், என் பிள்ளை நிக்கிற நிலையைப் பாருங்கன்னு. டீச்சர் பார்த்துட்டு, சித்திக்கும் மகனுக்கும் ஒரே அச்சு, ரெண்டு பேரும் வானத்துக்குத்தான் வணக்கம் சொல்வீங்க போலன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கல. பெத்தது என் அக்காவா இருந்தாலும் நிக்கிறது என்னை மாதிரி நிக்கிறான்னு நினைச்சு நினைச்சுச் சந்தோஷப்பட்டேன். இப்போ அந்தச் சந்தோஷத்தை நினைச்சா என்னையே நான் திட்டிக்கிறேன்.

அடுத்தது நடந்ததைக் கேட்டா நீ சிரிப்பே, சிரி, பரவாயில்ல. ஒருநாள் காலையில எழுந்து முகம் கழுவிட்டு சாமி படத்துக்கு முன்னாடி நின்னேன். படம் அலமாரிக்கு மேல உயரத்துல இருக்கிறது உனக்குத் தெரியுமே. நிமிர்ந்து பார்க்கிறேன், சாமி ரெண்டா தெரியுறாரு. ஒண்ணு இருந்த இடத்துல, இன்னொண்ணு அதுக்குக் கொஞ்சம் மேல, மிதக்கிற மாதிரி. விளக்குச் சுடரும் ரெண்டு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இத்தனை வருஷம் கூப்பிட்டதுக்கு இறங்கி வந்துட்டாருன்னு அப்படியே தரையில விழுந்துட்டேன். மறுநாளும் அப்படியே. மூணாவது நாளும் அப்படியே. எங்க பிரார்த்தனைக் கூட்டத்துல சொன்னேன், அவ்வளவுதான், பெண்கள் எல்லாம் என்னைச் சுத்திக்கிட்டாங்க. ஒருத்தி என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. இன்னொருத்தி தன் பொண்ணுக்கு வரன் அமையுமான்னு என்கிட்ட கேட்டா. எனக்கு முன்வரிசையில உட்கார இடமெல்லாம் கிடைச்சுது. உன் சித்தப்பா மட்டும் ஒரு மாதிரியா பார்த்தாரு, ஏண்டி உனக்கு மட்டும் ரெட்டையா வர்றாரே, எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து உனக்கே காட்டிடுறாரான்னு கேட்டாரு. உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னு அவர்கூடப் பேசாம இருந்தேன்.

ஆனா பாரு, கொஞ்ச நாள்ல கூரையில சுத்துற ஃபேனும் ரெண்டாச்சு. கொடியில காயுற துணி ரெண்டு வரிசையா தெரிஞ்சுது. பஸ்ஸோட நம்பர் பலகை ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டு எந்த நம்பர்னே தெரியாம ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். தெருமுனையில நிக்கிற போலீஸ்காரருக்கு ரெண்டு தொப்பி. சாமி ரெண்டா வந்தா அருள்னு சொல்லலாம், போலீஸ்காரர் ரெண்டா வந்தா அதை என்னன்னு சொல்றது. அப்பத்தான் எனக்கு முதல் பயம் தட்டுச்சு. ஒரு கண்ணைப் பொத்தினேன், எல்லாம் ஒண்ணாச்சு. அந்தக் கண்ணைத் திறந்து இன்னொண்ணைப் பொத்தினேன், அப்பவும் ஒண்ணு. ரெண்டையும் திறந்தாத்தான் ரெண்டு. சாமி படத்துக்கு முன்னாடி போயி ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பார்த்தேன். அவரும் ஒண்ணாயிட்டாரு. அன்னைக்கு நான் அழுத அழுகை உனக்குச் சொல்ல முடியாது. பயமா, வெட்கமா, சாமி போயிட்டாரேங்கிற துக்கமான்னு எனக்கே தெரியல.

உன் சித்தப்பா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க டாக்டரம்மா சின்ன வயசுப் பொண்ணு, நம்ம குட்டிகிட்டப் பேசுற மாதிரி என்கிட்டப் பேசினா. தலையை அசைக்காம என் பேனாவைக் கண்ணால மட்டும் தொடருங்கம்மான்னு சொல்லி, பேனாவை இடது பக்கம், வலது பக்கம், கீழே, மேலேன்னு கொண்டு போனா. கீழே போறப்ப ரெண்டு கண்ணும் கூடவே போச்சு. மேலே போறப்ப இடது கண்ணு போச்சு, வலது கண்ணு பாதியிலயே நின்னுடுச்சு, பேனாவும் பிளந்து ரெண்டாயிடுச்சு. அப்புறம் என் தாடையில கையை வச்சு மெதுவா இறக்கினா. உடனே எதிர்ல இருந்த சுவரு, கடிகாரம், அந்தப் பொண்ணோட முகம் எல்லாமே ரெண்டு. தாடையை விட்டா, அது தானாவே மேல போயிடுச்சு, எல்லாம் ஒண்ணாச்சு. அம்மா நீங்க திமிரா நடக்கல, ஒண்ணா தெரியுறதுக்காக உங்க தலை தானே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்குன்னு சொன்னா. உன் சித்தப்பா அதைக் கேட்டுட்டுத் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தாரு, அதுக்கப்புறம் மகாராணின்னு ஒரு தடவைகூடக் கூப்பிடல. கூப்பிட்டாத்தான் என்னன்னு இப்போ எனக்கு இருக்கு.

இது தைராய்டுல இருந்து வருதாம். கழுத்துல இருக்கிற அந்தச் சுரப்பியோட எதுக்கோ சண்டை போடக் கிளம்புற நம்ம உடம்பே, கண்ணுக்குப் பின்னால இருக்கிற தசையிலயும் போயி மோதிடுதாம். தசை வீங்கி விறைச்சுப் போகுது. நான் தையல்காரின்னு தெரிஞ்சதும் அந்தப் பொண்ணு எனக்குப் புரியுற மாதிரி சொல்லிச்சு, எலாஸ்டிக் பழசாகி விறைச்சுப் போனா இழுத்தா வராதில்லம்மா, அந்த மாதிரி உங்க கண்ணைக் கீழே இழுக்கிற தசை விறைச்சுடுச்சு, அது விடாததால கண்ணு மேலே போக முடியலன்னு. ரத்தத்துல பார்த்தா தைராய்டும் ஏகத்துக்கு ஏறியிருக்கு. எனக்கு வேர்த்துக் கொட்டினது, இளைச்சது, ராவெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிச்சது எல்லாம் அதோட வேலையாம், நான் உன்னை நினைச்சுக் கவலைப்படுறதாலன்னு இருந்துட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணு, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டா. எங்க அக்காவுக்கு இருந்துச்சுன்னு சொன்னேன். உங்கம்மாதான் ராசா. கழுத்துல முன்பக்கமா ஒரு வீக்கம், காலையில எழுந்ததும் மாத்திரை போடுவா, உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, அவ போய்ச் சேர்ந்தப்ப நீ ரொம்பச் சின்னவன். அவளை எல்லாரும் முட்டைக்கண்ணின்னுதான் கூப்பிடுவாங்க, அவளும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பார்ப்பா. அது அழகுன்னு நினைச்சோம்.

அறுவை பண்ணித் தசையைச் சரிபண்ணலாமாம், ஆனா உடனே முடியாது, உள்ள நடக்கிற சண்டை அடங்கி, கண்ணு ஒரே நிலையில நின்ன பிறகுதான் கத்தி வைப்பாங்களாம். அதுவரைக்கும் சொட்டு மருந்து, மாத்திரை, உயரமா தலகாணி, இந்த நீலத்துணி. கண்ணாடியில ஒட்டுறதுக்கு ஒரு மெல்லிசான தகடும் கொடுத்தாங்க, அதைப் போட்டா நேரா பார்க்கிறது கொஞ்சம் ஒண்ணா சேருது. எல்லாத்தையும்விட முக்கியமா ஒண்ணு சொன்னா. கலர் மங்கிச்சுன்னா அன்னைக்கே ஓடி வரணும், வீங்கின தசை பார்வை நரம்பை அழுத்துதுன்னு அர்த்தம், விட்டா கண்ணே போயிடும்னா. அதுல இருந்து நான் தினமும் காலையில சிவப்பு நூல்கண்டை ஜன்னல்கிட்ட வச்சு ஒவ்வொரு கண்ணா பொத்திப் பார்ப்பேன். ரெண்டு கண்ணுலயும் ஒரே சிவப்பா இருந்தா சாமிக்கு நன்றி சொல்லிட்டு மெஷின்ல உட்காருவேன். ஒருநாள் வலது கண்ணுக்கு அது சிவப்பாவே இல்லடா. துரு மாதிரி இருந்துச்சு. நூல்கண்டு மாறிடுச்சோன்னு டப்பாவுல தேடினேன். இல்ல, அதேதான். உன் சித்தப்பாவைக் கூப்பிட்டு இது என்ன கலர்னு கேட்டேன், சிவப்புன்னாரு. என் முகத்தைப் பார்த்துட்டு அவரே சாவிக்கடைப் பையனுக்குப் போன் பண்ணி இன்னைக்குத் திறக்க வேண்டாம்னு சொல்லிட்டு ஆட்டோ கூப்பிடப் போயிட்டாரு. அன்னைக்கே படுக்க வச்சு ஊசி ஏத்தினாங்க. ஏதோ ஸ்டீராய்டாம், சொட்டுச் சொட்டா ஏறும், ராவும் பகலும் தூக்கமே வராது. கடவுளே இந்தக் கையையும் காலையும் எடுத்துக்கோ, நூலைக் கோக்க ஒரு கண்ணை விட்டுடுன்னு பேரம் பேசிக்கிட்டுக் கிடந்தேன். இப்போ சிவப்பு முக்கால்வாசி திரும்பிடுச்சு. மீதி கால்வாசிக்குத்தான் தினமும் நூல்கண்டைப் பார்க்கிறேன்.

இப்போதான் உன் விஷயத்துக்கு வர்றேன், பொறுமையா படி. வீட்டுக்கு அனுப்பினதுக்கு அப்புறம் திரும்ப காட்டப் போயிருந்தேன். இந்தக் கண்ணு வியாதிக்காரங்களுக்கு மட்டும் தனியா ஒரு நாள் வச்சிருக்காங்க, நீளமா ஒரு ஹாலு, சுவரோரமா நாற்காலி. உள்ள நுழைஞ்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உட்கார்ந்திருந்த பாதிப்பேர் தாடையைத் தூக்கிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தரும் யாரையும் மதிக்காத மாதிரி, சம்பந்தி வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒரு பெரியவர், ஒரு காலேஜ் பொண்ணு, ஒரு பேங்க் ஆபீசர் மாதிரி ஒருத்தர், நானு, எல்லாரும் மூக்கு நுனி வழியாத்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறோம். உன் சித்தப்பாகிட்ட, பாருங்க எத்தனை மகாராணி எத்தனை மகாராஜான்னு மெதுவா சொன்னேன். சொல்லி வாயை மூடல, அந்த ஆபீசர் எழுந்து கதவுல ஒரு கையை வச்சுக்கிட்டு நின்னாரு. தாடை மேல, கண்ணு அகலமா. நான் உன் சித்தப்பா கையைப் பிடிச்சுக்கிட்டேன். அந்த நிலையை நான் எங்க பார்த்திருக்கேன்னு எனக்குத் தெரியும். தினமும் என் மெஷினுக்கு மேல பார்க்கிறேனே.

வீட்டுக்கு வந்து உன் போட்டோவை இறக்கி மடியில வச்சுக்கிட்டுப் பார்த்தேன். முன்னாடி பார்த்த போட்டோவே இல்ல அது. அப்புறம் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. வீடியோவுல பேசுறப்ப ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டே பேசுறியே, ஏண்டா கண்ணடிக்கிறேன்னு கேட்டதுக்கு வெயில் அடிக்குதுன்னே. வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு என்ன வெயிலு. மருமக ஒருநாள் சிரிச்சுக்கிட்டே சொன்னா, அத்தை உங்க பிள்ளை டீயைக் கப்புல ஊத்தாம மேஜையில ஊத்துறாரு, காலையில எழுந்ததும் அரைத்தூக்கமாம்னு. காலையிலதான் இது அதிகமா இருக்கும் ராசா, எனக்கும் அப்படித்தான், படுத்து எழுந்தா வீக்கம் ஏறி நிக்கும். போன மாசம் வண்டியைப் பின்னால எடுக்கிறப்ப வாசல் கேட் தூணை உரசிட்டேன்னு நீயே சொன்னே, தூண் நகர்ந்து வந்துடுச்சுன்னு ஜோக்கு வேற. எனக்குச் சிரிப்பு வரல. உனக்குத் தூணு ரெண்டா தெரிஞ்சுதாடா. எது நிஜத் தூணுன்னு தேர்ந்தெடுத்தியா. மலை ரோட்டுல எதிர்ல வர்ற பஸ்ஸு ரெண்டா தெரிஞ்சா எதுக்கு ஒதுங்குவே. பின்னால அவ்வளவு பெட்ரோலை ஏத்திக்கிட்டு.

உனக்கு இருக்குன்னு நான் சொல்லல, சொல்றதுக்கு நான் யாரு, போட்டோவைப் பார்த்து வியாதி சொல்ல டாக்டராலயே முடியாது. எல்லாரும் போட்டோவுல நெஞ்சை நிமிர்த்தித்தான் நிப்பாங்க. நான் பயந்தாங்கொள்ளி, சாமி ரெண்டா தெரிஞ்சப்ப சந்தோஷப்பட்ட முட்டாள், இப்போ ஒண்ணுமில்லாததுக்குப் பயப்படுறேனோ என்னவோ. அப்படியே இருக்கட்டும்னுதான் வேண்டிக்கிறேன். அதனால ஒரு வேலை பண்ணு. இதோட என் போட்டோ வச்சிருக்கேன் பாரு, உன் சித்தப்பா எடுத்தது. ஒரு கையால என் தாடையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால எடுத்தாரு, அவர் கட்டைவிரல் தெரியும். தலை நேரா இருக்கு, கண்ணால மட்டும் மேலே பார்க்கிறேன். இடது கண்ணு மேலே போயிருக்கு. வலது கண்ணு உன்னையே பார்த்துக்கிட்டு நிக்குது. பார்க்க விகாரமாத்தான் இருக்கும், யாருக்கும் காட்டாதே, குட்டி பயந்துடுவா. அதே மாதிரி மருமகளை உன் தாடையைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, தாடையைத் தூக்காம மேலே பாரு. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ரெண்டு கண்ணும் ஒண்ணா மேலே போயிருந்தா எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்ல, சாகுற வரைக்கும் பைத்தியக்காரச் சித்தின்னு நீ என்னைக் கூப்பிடலாம், நான் திரும்பிப் பார்ப்பேன். ஆனா ரெண்டும் போனாலும் டாக்டர்கிட்டக் காட்டியே ஆகணும், ரத்தத்துல தைராய்டும் பார்க்கணும், ஆரம்பத்துல கொஞ்சமா இருந்தா போட்டோவுல தெரியாதாம், நான் அந்த டாக்டர் பொண்ணுகிட்டக் கேட்டுட்டேன். எங்க அம்மாவுக்கு இருந்துச்சு, சித்திக்கு இருக்குன்னு மறக்காம அங்க சொல்லு.

இன்னொண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு முதல் நாளே என்கிட்ட, நீங்க சிகரெட் பிடிப்பீங்களாம்மான்னு கேட்டா. உன் சித்தப்பா ரூமே அதிர்ற மாதிரி சிரிச்சாரு. அந்தப் பொண்ணு சிரிக்கல. வீட்டுல யாராவது பிடிக்கிறீங்களான்னு அவர் பக்கம் திரும்பிச்சு. சிரிப்பு பாதியிலயே நின்னுடுச்சு. புகை இந்த வியாதிக்கு நெருப்புல எண்ணெய் ஊத்துற மாதிரி, பிடிக்கிறவங்களுக்குத்தான் ரொம்ப மோசமாகுதுன்னு சொன்னா. அன்னைக்கு வாசல்ல பாக்கெட்டைப் பிச்சுப் போட்டவரு, இன்னைக்கு வரைக்கும் தொடல, அந்தக் கோபத்துல என்மேல எரிஞ்சு விழுறாரு, நான் தாங்கிக்கிறேன். நீ பிடிக்கிறது எனக்குத் தெரியும். கடைசியா இங்க வந்திருந்தப்ப வாயில எப்பப் பார்த்தாலும் புதினா மிட்டாய், எந்த ஆம்பளை காரணமில்லாம அத்தனை மிட்டாய் தின்பான். நான் கேட்கல, வளர்ந்த பிள்ளைன்னு விட்டேன். இப்போ கேட்கிறேன். விட்டுடு சாமி. உங்கம்மா மேல சத்தியம் எல்லாம் வாங்க மாட்டேன், குட்டியைத் தூக்கி வச்சுக்கிட்டு அவ முகம் எத்தனைன்னு எண்ணிப் பாரு, அது போதும்.

நீ என்ன நினைப்பேன்னு எனக்குத் தெரியும். ரெண்டா தெரியுதுன்னு சொன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க, அந்த வண்டி வேற ஆளுக்குப் போயிடும், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணான்னு நினைப்பே. அதனாலதான் சொல்லாம ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டே ஓட்டுறியோன்னு எனக்குப் பயம். அதான் பெரிய பயம், வியாதியைவிட. உங்க ஆபீஸ்ல கேட்டா கொஞ்ச நாளைக்கு வண்டி நிறுத்துற யார்டுலயோ சரக்குக் கணக்கு பார்க்கிற இடத்துலயோ போடாமலா போவாங்க, போடலன்னா இங்க வா. தாராளமா வா. சோத்துக்கு ஒண்ணும் குறைவில்ல, நீ படுத்த கட்டில் அப்படியேதான் கிடக்கு, மேல துணி மூட்டைதான் வச்சிருக்கேன், எடுத்துடுறேன். எனக்குக் கத்தி வைக்கிறப்ப பக்கத்துல நீ இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும். இதைச் சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன், எழுதிட்டேன், பேனாவுல எழுதினதை எப்படி அழிக்கிறது.

சாமி விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டேனே. பிரார்த்தனைக் கூட்டத்துல உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்சம் பேரு முகம் சுருங்கிப் போச்சு, வரன் கேட்டவ மட்டும், பரவாயில்ல அக்கா அந்த வாரமே ஒரு இடம் வந்துச்சுன்னு சொல்லி என் கையை விடல. வீட்டுல நிமிர்ந்து பார்த்தா இன்னும் ரெண்டா தெரியுறாரேன்னு நான் புலம்பிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் நான் கடையில இருந்து வர்றப்ப உன் சித்தப்பா அலமாரிக்கு மேல இருந்த படத்தை இறக்கி, மெஷினுக்குப் பக்கத்துல, உட்கார்ந்தா குனிஞ்சு பார்க்கிற உயரத்துல ஆணி அடிச்சு மாட்டியிருந்தாரு. சாமி இவ்வளவு கீழ இருக்கலாமான்னு கேட்டேன். அவர் இறங்கி வந்துட்டாருன்னு நீதானே சொன்னேன்னாரு. இப்போ ஒண்ணா தெரியுறாரு. உன் போட்டோவை மட்டும் இன்னும் மாட்டல, மேஜை டிராயருக்குள்ள வச்சிருக்கேன். டாக்டர் சொன்ன செய்தி வரட்டும், அப்புறம் எங்க மாட்டுறதுன்னு பார்க்கலாம்.

இப்போ பொட்டலத்தைப் பிரி. உள்ள ஒரு சாவி இருக்கும், உன் வண்டி சாவி அளவுலயே இருக்கும், ஆனா பல்லு வெட்டியிருக்காது, வெறும் தகடு. உன் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுத வராது, நான் எழுதுறதைப் பார்த்துக்கிட்டே நின்னவரு கடைக்குப் போயி இதை எடுத்துட்டு வந்தாரு. என்ன எழுதட்டும்னு கேட்டேன். நிஜ சாவியை மருமக கையில கொடுத்துட்டு இதைப் பையில போட்டுக்கச் சொல்லு, காலையில எழுந்து பழக்கத்துல கை போச்சுன்னா இது வரட்டும், இதை வச்சுக்கிட்டு எந்த வண்டியும் கிளம்பாதுன்னாரு. டாக்டர் சரின்னு சொன்ன அன்னைக்கு இதைக் கொண்டு வந்து கொடு, உன் எதிர்லயே வெட்டித் தர்றேன்னும் சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

கடவுள் உன் ரெண்டு கண்ணையும் ஒரே பக்கம் பார்க்க வச்சு, நீ இருக்கிற வீட்டையும் போற ரோட்டையும் காத்து நிக்கணும். மருமகளுக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம். தலகாணி ரெண்டு வச்சுப் படு. மறக்காம, தாடையைத் தூக்காம மேலே பாரு, போட்டோ அனுப்பு, அது வர்ற வரைக்கும் நான் போனைக் கையில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன்.

உன்னைப் பெறாத, ஆனா உனக்காகப் பயப்படுறதுல பெத்தவளுக்குக் குறையாத,
உன் சித்தி